பின் சீட்டுப் பாட்டு

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரும் சிங்கப்பூரில் இருந்தார். ஒரு லீவில் வந்திருந்தபோது அப்பா தில்லைநகரில் ஒரு ரிட்டயர்டு டாக்டரிடமிருந்து பழைய மாருதி ஒன்றை வாங்கினார். இருபது நாள் எங்களை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு, கல்லணை, சமயபுரம் என்று சுற்றினார். பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சுவரோரம் அதை நிறுத்தி, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். அதன்பின் அந்தக் காருக்கு நிற்பதுதான் வேலை. பூனைகள் தார்ப்பாய்க்கு அடியில் குட்டி போட்டன.

வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அம்மா, அத்தை, நான் என்று ஐந்து பேர் இருந்தோம். பெரியப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. விடிவதற்கு முன்பே மொபெட்டில் கிளம்பிவிடுவார். காரை ஓட்டக் கற்றுக்கொள்ளும் எண்ணம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் சும்மா நின்ற காரின் பேட்டரி மாதம் ஒருமுறை உயிரை விட்டது. சார்ஜ் போட வந்த மெக்கானிக், வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது ஓட்டியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அம்மா, நான் வேண்டுமானால் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாள். பேட்டரிக்காகச் சொல்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெரியப்பாவும் பேட்டரிக்காகவே சம்மதித்தார். இரண்டு மாதத்தில் அம்மா காவிரிப் பாலத்தில், முன்னால் ஒரு டவுன் பஸ்ஸும் பின்னால் ஒரு மணல் லாரியும் இருக்க, வியர்க்காமல் ஓட்டக் கற்றிருந்தாள்.

அதற்கு அடுத்த ஆச்சரியம்தான் பாட்டு. காரில் நல்லதாக ஒரு சவுண்ட் செட் வைக்க வேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதுவரை அம்மா ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் ரேடியோ போடுவது பெரியம்மா. அதை நிறுத்துவது அம்மா. டாக்டர் விட்டுப்போன பழைய கேசட் பிளேயர் ஒன்று காரில் இருந்தது. முன்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர். தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி பாடும். அதுவும் கேசட்டின் நாடாவைப் பாதி வழியில் தின்றுவிடும். அது போதாதா என்று பெரியம்மா கேட்டாள். பாட்டு இல்லாமல் ஓட்டினால் தனக்குக் கண்ணைச் சொருகுகிறது என்றாள் அம்மா. தூக்கம் என்ற சொல் பெரியப்பாவைப் பயமுறுத்தியது. ஏனென்றால் அந்தக் காரில் அவருடைய தங்கை தினமும் போய்வரத் தொடங்கியிருந்தாள்.

அந்தத் தங்கைதான் என் அத்தை. தாத்தாவும் பாட்டியும் போனபோது அத்தை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாதான் வளர்த்தார். மண்டியில் வந்து இறங்கும் தாரில் நல்ல சீப்பு எதுவோ அது வீட்டுக்கு வரும். அதில் நல்ல பழம் எதுவோ அது அத்தைக்குப் போகும். அத்தை பி.காம். முடித்திருந்தாள். தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தொட்டியம் பக்கம். காவிரிக்கரையில் வாழைத்தோப்பு வைத்திருந்தவர்கள், பெரியப்பாவோடு பல வருடமாக வியாபாரம் செய்தவர்கள். நல்ல மனிதர்கள். எனக்குப் பூவன் பழமும் பேனாவும் கொடுத்தார்கள்.

அம்மாவும் அத்தையும் வீட்டில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினால் அது கொடியில் காயும் துணியைப் பற்றியோ, மூடாமல் விட்ட எண்ணெய் பாட்டிலைப் பற்றியோ இருக்கும். அண்ணி எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறாள் என்று அத்தை முணுமுணுப்பாள். நாத்தனாரைத் தாங்கித் தாங்கியே கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அம்மா பாத்திரத்திடம் சொல்வாள். இரண்டும் எலியும் பூனையும் என்று பெரியம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் ஜாக்கெட் வேலைப்பாடு கற்றுக்கொள்ளட்டும் என்று சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு வகுப்பில் அத்தையைச் சேர்த்துவிட்டது பெரியப்பாதான். பஸ்ஸில் நசுங்கிப் போக வேண்டாம், நீயே கொண்டுபோய் விட்டு அழைத்து வா என்று அம்மாவிடம் சொன்னதும் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை வீட்டில் விட்டால் பெரியம்மாவைப் படுத்துவேன் என்று என்னையும் பின் சீட்டில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

சவுண்ட் செட் வாங்க நாங்கள் மூவரும் ஒரு சனிக்கிழமை காலை பாலக்கரைப் பக்கம் போனோம். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். கடைக்குள் சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள் கண் கண்ணாக முழித்துக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் அவர் பெரிய பாஸ் பெட்டி ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் வண்டி மெயின்கார்டு கேட்டில் வரும்போதே மலைக்கோட்டையில் கேட்கும் என்றார். வெளியே கேட்பது முக்கியமில்லை என்றாள் அம்மா. பாய் அதை நம்பவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் வெளியே கேட்கத்தான் செட் வாங்கினார்கள்.

“அப்ப உள்ள எப்படிக் கேக்கணும், சொல்லுங்க தங்கச்சி.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “பின்னாடி நல்லா கேக்கணும். முன்னாடி அவ்வளவா வேணாம்.”

பாய் சிரித்தார். ஓட்டுகிறவருக்குத்தானே பாட்டு, தூக்கம் வருகிறது என்றுதானே சொன்னீர்கள் என்று நியாயமாகக் கேட்டார். அம்மா திரும்பி என்னைக் காட்டி, பின்னாடி என் பொண்ணு உட்காருவாள், அவளுக்குப் பாட்டென்றால் உயிர் என்றாள். எனக்குப் பாட்டென்றால் உயிர் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஆனாலும் பெருமையாக இருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று வாங்கிய முதல் பெரிய பொருள் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் மூன்று ஜோடி ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து, காரின் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் சும்மா வைத்து, நீளமான ஒயரால் இணைத்துக் காட்டினார். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மாவும் அத்தையும் முன்னால். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொன்னாள் அம்மா. முதல் ஜோடி பாட ஆரம்பித்தது. முன்னால் அம்மா அத்தையிடம் ஏதோ சொன்னாள். அத்தை பதில் சொன்னாள். பிறகு அம்மா திரும்பி, நாங்கள் என்ன பேசினோம் சொல்லு பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டாள்.

இது ஒரு விளையாட்டு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. “நாளைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கணும்னு நீ சொன்னே. அத்தை முருங்கைக்காய் போதும்னாங்க” என்று கத்தினேன்.

சரியான விடைதான். ஆனால் அம்மாவின் முகம் வாடிவிட்டது. பாய், இது வேண்டாம் என்றாள். இரண்டாவது ஜோடிக்கு என்னால் பாதிதான் பிடிக்க முடிந்தது. மாடி, துணி, மழை. மூன்று சொல். அதற்கும் அம்மா உதட்டைப் பிதுக்கினாள். என் காது போதவில்லை என்று கோபம் போல என்று நினைத்து, மூன்றாவது ஜோடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் காத்திருந்தேன். அது முட்டை வடிவத்தில் நீளமாக இருந்த பெரிய ஜோடி. பாய் போட்டுவிட்டதும் தாளத்தின் அடி என் முதுகெலும்பில் விழுந்தது. பாட்டு தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, காதுகளைக் கடந்து, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அம்மாவின் வாய் அசைந்தது. அத்தையின் வாயும் அசைந்தது. என்ன பேசினோம் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தோற்கப் பிடிக்காமல், நாளைக்கு ஸ்கூல் லீவு என்று அடித்துவிட்டேன்.

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். அம்மாவும் அத்தையும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோற்ற பிறகு ஏன் பரிசு கொடுக்கிறார்கள் என்று விளங்காமல் விழித்தேன்.

“பாய், இதையே போட்டுருங்க” என்றாள் அம்மா.

முன்னால் ஒன்றும் இல்லாமல் விடக்கூடாது, விற்கும்போது விலை போகாது என்று பாய் பிடிவாதமாகச் சொன்னதால், முன் கதவுகளில் சின்னதாக இரண்டு வைக்க அம்மா ஒத்துக்கொண்டாள். வேலை மதியம் வரை நடந்தது. பழைய கேசட் பிளேயர் இருந்த இடத்தில் ஒரு சிடி பிளேயர் ஏறியது. பின்பக்கப் பலகை அட்டை மாதிரி இருக்கிறது, இவ்வளவு கனத்தைத் தாங்காது, அதிரும் என்று அதைக் கழற்றிவிட்டு, பிளைவுட்டில் அதே அளவுக்குப் புதிதாக ஒன்று அறுத்தார் பாய். அதில் முட்டை வடிவமாக இரண்டு ஓட்டை போட்டு ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து இறக்கினார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியபோது, எப்போதோ நான் கண்ணாடி இடுக்கில் போட்ட இரண்டு சாக்லேட் தாள்களும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் போட்ட ஒரு ஐஸ் குச்சியும் கிடைத்தன. சின்ன ஸ்பீக்கரை வைத்துவிட்டுக் கண்ணாடியை மேலும் கீழும் நாலு தடவை இறக்கிப் பார்த்தார். காந்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் கண்ணாடி அதில் இடித்து நிற்குமாம். ஒயர்கள் மிதியடிக்கு அடியில் பாம்பு மாதிரி பின்னால் போயின. நான் கூடவே நடந்து ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சலிக்காமல் பதில் சொன்னார்.

எல்லாம் முடிந்து இன்ஜினை ஓட்டியபோது பாட்டுக்கு நடுவில் ஒரு கொசுச் சத்தம். அம்மா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க கொசுவும் குரலை உயர்த்தியது. எர்த் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இன்ஜினும் சேர்ந்து பாடும் என்று சொல்லி, பாய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, ஓரிடத்தில் பெயின்டைச் சுரண்டி, ஒயரை அங்கே திருகினார். கொசு செத்தது. கடைசியாக, சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கிற குமிழை அம்மாவுக்குக் காட்டினார். இந்தப் பக்கம் திருப்பினால் முன்னால் மட்டும், அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினால் பின்னால் மட்டும். அம்மா அதைத் தானே மூன்று முறை திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை முழுக்கப் பின்னால் திருப்பி வைத்தாள்.

அன்றிலிருந்து என் சாயங்காலங்கள் மாறிப்போயின. ஒரே ஒரு சிடிதான் எங்களிடம் இருந்தது. அதில் பன்னிரண்டு பாட்டு. வீட்டிலிருந்து கிளம்பித் திருவானைக்காவல் தாண்டுவதற்குள் மூன்று பாட்டு முடியும். காவிரிப் பாலத்தில் நெரிசலாக இருந்தால் ஐந்து. சில நாள் வகுப்பு முடிந்த பிறகும் அம்மா நேராக வீட்டுக்குத் திரும்பாமல், கொள்ளிடக் கரைப் பக்கம் ஓரிடத்தில் ஓரமாக வண்டியை நிறுத்திவிடுவாள். இன்ஜின் நிற்கும், பாட்டு நிற்காது. எனக்கு முறுக்குப் பொட்டலம் கிடைக்கும். முன்னால் இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் காதில் விழாது. அத்தையின் கை அசைவது தெரியும். ஒருநாள் அம்மா விரல் விட்டு எதையோ எண்ணிக் காட்டினாள். இன்னொரு நாள் அத்தை இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் கை வைத்திருந்தாள். கண்ணில் தூசி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை, அண்ணி வண்டியை ஓட்டுகிற ஓட்டில் தலை சுற்றுகிறது என்று பெரியம்மாவிடம் புகார் சொன்னாள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தோடு பேச ஆரம்பித்தாள். காரில் அவ்வளவு நேரம் பேசுகிறவர்களுக்கு வீட்டில் ஏன் சண்டை என்று நான் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது பன்னிரண்டு பாட்டும் மனப்பாடம். ஏழாவது பாட்டில் வீணைக்கு நடுவில் யாரோ லேசாக இருமுவதைக் கண்டுபிடித்திருந்தேன். என் ஆர்வமெல்லாம் அதில் இருந்தது.

வீட்டில் போன் ஹாலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடுவார். முதலில் பெரியப்பா, பிறகு பெரியம்மா, பிறகு அத்தை, பிறகு நான், கடைசியில் அம்மா. அம்மாவின் முறை வரும்போது அப்பாவின் போன் கார்டில் காசு தீர்கிற நேரமாக இருக்கும். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க அம்மா, நல்லா இருக்கோம், நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க என்பாள். கல்யாணத்துக்காக அப்பா தை மாதத்தில் லீவு கேட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு மழை விடுமுறை. ஜாக்கெட் அளவு பார்க்க வேண்டும் என்று காலையிலேயே மூவரும் கிளம்பினோம். பாலம் தாண்டுவதற்குள் பாட்டில் ஏதோ குறை இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அடி விழவில்லை. வழக்கமாக முதுகில் தட்டுகிற இடத்தில் ஒரு சொத்தென்ற சத்தம் மட்டும். யாரோ தலையணையை வைத்து அமுக்குகிற மாதிரி. நான் முன்னால் எம்பி, “அம்மா, இன்னிக்கு ஸ்பீக்கருக்கு மூக்கடைச்சிருக்கு” என்றேன்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “உன் காது பாயோட காது” என்று மட்டும் அம்மா சொன்னாள்.

கார் ஜாக்கெட் கடைக்குப் போகவில்லை. ஜங்ஷனுக்குப் போனது. ஸ்டேஷன் வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா இறங்கிப் பின்பக்கக் கதவைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு பெரிய பெட்டியையும் ஒரு பையையும் எடுத்தாள். பின்னால் இருந்த காலி இடத்தை அவை அடைத்துக்கொண்டதால்தான் சத்தம் அமுங்கியிருக்கிறது. என் கண்டுபிடிப்பு சரியாக இருந்ததில் எனக்குத் திருப்தி. அத்தை என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, குனிந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை போயிட்டு வரேன். நல்லா படிக்கணும், என்ன?” என்றாள். நான் தலையாட்டினேன். எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா தனியாகத் திரும்பி வந்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள். அத்தை எங்கே என்று கேட்டேன். ரயிலில் என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றாள். அப்போது அடி முதுகில் சரியாக விழுந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன்.

வீட்டில் பெரியப்பா மண்டியிலிருந்து வந்து இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி எங்கே என்று கேட்டார். அம்மா நின்றபடியே, குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் சொன்னாள்.

“ஹூப்ளியில பேங்க் வேலை கிடைச்சிருக்கு மாமா. திங்கக்கிழமை சேரணும். நான்தான் ரயில் ஏத்திவிட்டேன்.”

பெரியப்பா கையில் எடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தார். அத்தை பரீட்சை எழுதியிருந்தது அவருக்குத் தெரியும். வேலை எதற்கம்மா, நான் இருக்கிறேனே என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவைத்த விஷயம் அது. அதற்குப் பிறகு அத்தை நேர்முகத் தேர்வுக்கும் போய்வந்திருக்கிறாள் என்பதோ, ஆர்டர் ஒரு தோழியின் விலாசத்துக்கு வந்தது என்பதோ அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இதையெல்லாம் அத்தை எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் படிக்கும்போது.

பெரியம்மா அழ ஆரம்பித்தாள். பெரியப்பா அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“நீயும் தினம் கூடத்தானே போனே. என்ன பேசிக்கிட்டாங்க கண்ணு? உனக்கு முன்னாடியே தெரியுமா?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரு சொல்லாவது ஞாபகம் வந்தால் சொல்லியிருப்பேன். பெரியப்பாவுக்குப் பிடிக்கும் என்றால் இட்டுக்கட்டியும் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் முகம் இருந்த இருப்பில் இட்டுக்கட்டத் தைரியம் வரவில்லை.

“எனக்குப் பாட்டுதான் கேட்டுச்சு பெரியப்பா.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டார். இவளாவது நம்மை ஏமாற்றவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என்னை யார் பக்கமும் நிற்கவிடாமல், யாருக்கும் பொய் சொல்லவைக்காமல் காப்பாற்றத்தான் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் என்பது எனக்குப் பிடிபட இன்னும் பத்து வருடம் ஆனது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இலையில் சோறு அப்படியே இருந்தது என்பதுதான்.

அம்மா இடுப்பிலிருந்து கார் சாவியை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். அவர் கேட்கவில்லை. அவளாகவே வைத்தாள். சாயங்காலம் பெரியப்பா அதை எடுத்துச் சுவரில் காலண்டர் ஆணியில் மாட்டினார். மறுநாள் பஸ்ஸில் தொட்டியம் போனார். தாம்பூலம் மாற்றிக்கொண்டவர்கள் முன்னால் என்ன சொன்னார், எப்படி உட்கார்ந்தார், எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் இரண்டு நாள் மண்டிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெரியம்மா ரேடியோ போடுவதை நிறுத்தினாள். அம்மா பாத்திரத்திடமும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்த நல்ல சீப்பு ஆணியில் தொங்கித் தொங்கிக் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவின் முறை வருவதற்கு முன்பே பெரியப்பா போனை வைத்துவிடுவார். அப்பாவிடம் அவர் என்ன சொல்லியிருந்தாரோ, அதுதான் அப்பாவுக்குத் தெரியும்.

கார் மறுபடி தார்ப்பாய்க்குள் போனது. எனக்கு அத்தையைப் பற்றிய கவலையைவிட, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஏழாவது பாட்டின் இருமலைக் கேட்க முடியவில்லையே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

தை பிறந்தது. கல்யாணம் இல்லை என்றாலும் டிக்கெட் இருந்தது. அப்பா வந்தார். வாசலில் இறங்கியவரைப் பெரியப்பா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இனி அந்த வண்டி இந்த வீட்டில் இருக்காது, வித்துருவாங்க என்று பெரியம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். அம்மா காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அப்பா எடுத்துக் குடித்தார், ஆனால் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் காலையில் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். பேட்டரி செத்துக்கிடந்தது. மெக்கானிக்கை வரவழைத்து உயிர் கொடுத்தார். தார்ப்பாயை உதறி மடித்து, கண்ணாடிகளைத் துடைத்து, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினார். பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, முன் சீட்டைக் கண்ணால் காட்டினார்.

அம்மா போய் உட்கார்ந்தாள். ஓட்டும் சீட்டில் அல்ல, பக்கத்துச் சீட்டில். அப்பா கண்ணாடியை ஏற்றினார். கார் கிளம்பவில்லை.

நான் ஓடிப்போய்ப் பின் கதவைத் திறக்கப் பார்த்தேன். பூட்டியிருந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தேன். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அம்மா அவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஏதோ கேட்டார். அம்மா பதில் சொன்னாள். பிறகு அவர் கையைத் தூக்கி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அம்மா பேசுவதை நிறுத்தவில்லை. பிளேயரின் பச்சை விளக்கு எரியவில்லை. பின் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தேன். எப்போதும் அதிர்கிற இடம் சும்மா இருந்தது.

எனக்குப் பகீரென்றது. இரண்டு மாதம் ஓடாமல் கிடந்ததில் பேட்டரியோடு சேர்ந்து செட்டும் போய்விட்டது. அப்பா முதன்முதலாக அதைக் கேட்க உட்கார்ந்த நாளில் இப்படி ஆகிவிட்டதே. வாசற்படியில் பெரியப்பா தோளில் துண்டோடு நின்றிருந்தார். அவரும் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, செட்டு கெட்டுப்போச்சு. பாட்டே வரல” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தட்டப் போனேன்.

அவர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டார்.

“தட்டாத. பேசட்டும், விடு” என்றார். சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, ஐந்து பேருக்கும் சேர்த்து அரிசி போடும்படி பெரியம்மாவிடம் குரல் கொடுத்தார்.

நான் பாட்டைப் பற்றிச் சொன்னால் இவர் பேச்சைப் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியவர்கள் யாருக்கும் ஒரு பொருளின் அருமை தெரியவில்லை. பாய் கொடுத்த கேரண்டி அட்டை பீரோவில் எங்கோ இருக்க வேண்டும், ஒரு வருடம் இன்னும் முடிந்திருக்காது என்று கணக்குப் போட்டபடி, அதைத் தேட உள்ளே ஓடினேன்.